ஒவ்வொரு நெகட்டிவுக்கும் ஒரு தாள் உண்டு

நூற்றைம்பது ஆண்டு பழைய கண்ணாடி நெகட்டிவ் ஒன்றை இருட்டறைக்குக் கொண்டுபோய், கடையில் கிடைக்கும் வழக்கமான புரோமைடு தாளில் பிரிண்ட் போட்டால் பெரும்பாலும் ஏமாற்றமே மிஞ்சும். படத்தில் இருப்பவர் உடுத்திய வெள்ளை ஆடையில் மடிப்பு ஒன்றுகூடத் தெரியாது. மடிப்பை வரவழைக்க ஒளியைக் கூட்டினால் முகமும் தலைமுடியும் கறுப்பில் மூழ்கிவிடும். அதே நெகட்டிவை, முட்டையின் வெள்ளைக்கரு பூசித் தயாரித்த தாளின் மேல் வைத்து வெயிலில் காட்டுங்கள். ஆடையின் மடிப்பும் தெரியும், கண்ணிமையும் தெரியும். நெகட்டிவ் மாறவில்லை. தாளும் அதன் வேதியியலும்தான் மாறின.

ஒரு நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, இது நல்லது, இது மோசம் என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. எந்தத் தாளில், எந்த முறையில் பிரிண்ட் போடப்போகிறோம் என்பது தெரிந்த பிறகே அதைச் சொல்ல முடியும். ஒரு கீர்த்தனையின் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் பாடுகிறவரின் குரலுக்குள் அடங்கினால்தான் பாட்டு முழுதாக வெளிப்படும். நெகட்டிவுக்கும் தாளுக்கும் உள்ள உறவும் அப்படிப்பட்டதே. அந்த உறவை எண்களால் அளக்கவும் முடியும்.

கறுப்பை அளந்த இருவர்

பிலிமின் மேல் ஜெலட்டின் படலம் ஒன்று இருக்கிறது. அதற்குள் வெள்ளி புரோமைடு போன்ற உப்புகளின் நுண்துகள்கள். ஒளி பட்ட துகள்களை டெவலப்பர் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. ஒளி படாதவற்றை ஹைப்போ கரைத்து வெளியேற்றிவிடுகிறது. பாத்திரத்தில் பளபளக்கும் வெள்ளி, மிக நுண்ணிய இழைகளாகச் சிதறிக் கிடக்கும்போது ஒளியை விழுங்கிக் கறுப்பாகத் தெரியும். அதனால்தான் நெகட்டிவில் வெளிச்சமான வானம் கறுத்தும், மரநிழல் தெளிந்தும் இருக்கின்றன.

இந்தக் கறுப்பை எப்படி அளப்பது என்று முறையாகக் காட்டியவர்கள் ஃபெர்டினாண்ட் ஹர்ட்டரும் வெரோ சார்லஸ் டிரிஃபீல்டும். ஹர்ட்டர் சுவிட்சர்லாந்தில் பிறந்த வேதியியலாளர், டிரிஃபீல்ட் பொறியாளர். இங்கிலாந்தின் விட்னெஸ் நகரில் ரசாயன ஆலையில் வேலை பார்த்த இந்த இருவரும் ஓய்வு நேரத்தில் படம் எடுத்தவர்கள். நெகட்டிவ் நன்றாக அமைவது கைராசியைப் பொறுத்தது என்று விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. பட்ட ஒளி எவ்வளவு, விளைந்த கறுப்பு எவ்வளவு என்று அளந்து, 1890இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள்.

அவர்கள் அளந்த அளவுக்கு அடர்த்தி என்று பெயர். இது மடக்கைக் கணக்கு. நெகட்டிவின் ஓரிடம் தன்மேல் விழும் ஒளியில் பாதியை வெளியே விட்டால் அந்த இடத்தின் அடர்த்தி 0.3. பத்தில் ஒரு பங்கை விட்டால் 1. நூற்றில் ஒரு பங்கை விட்டால் 2. விவரம் தெரியும் மிக மெல்லிய நிழல் பகுதிக்கும், விவரம் தெரியும் மிகக் கெட்டியான வெளிச்சப் பகுதிக்கும் இடையிலுள்ள அடர்த்தி வேறுபாடே அந்த நெகட்டிவின் வீச்சு. பிரிண்ட் போடுகிறவருக்கு மிக முக்கியமான எண் இதுதான்.

நல்ல வெயிலில் ஒரு தெருவைப் படம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிய வேண்டிய இருண்ட இடத்துக்கும் வெளிச்சமான இடத்துக்கும் 128 மடங்கு வேறுபாடு இருக்கக்கூடும். கேமராக்காரர்கள் இதை ஏழு ஸ்டாப் என்பார்கள். வழக்கமான முறையில் பிலிமைக் கழுவினால் அந்த 128 மடங்கு, நெகட்டிவில் சுமார் 12 மடங்காகச் சுருங்கிவிடும். அடர்த்திக் கணக்கில் ஏறத்தாழ 1.1. பிலிம் இப்படிச் சுருக்குவது குறையன்று. தாள் கேட்கும் அளவு அது.

தாள் கேட்பது எவ்வளவு?

கறுப்பு வெள்ளை புரோமைடு தாளுக்கு கிரேடு எண் உண்டு. நடுத்தரமான 2ஆம் கிரேடு தாள், வெள்ளையிலிருந்து முழுக் கறுப்புக்குப் போக சுமார் 12 மடங்கு ஒளி வேறுபாடு போதும். அதாவது, மேலே சொன்ன நெகட்டிவுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தும். ஹார்ட் பேப்பர் எனப்படும் 5ஆம் கிரேடுக்கு வெறும் இரண்டரை மடங்கு போதும். சாரமில்லாத மெல்லிய நெகட்டிவைக் காப்பாற்றுவது அந்தத் தாள்தான். இரண்டு பூஜ்யம் போட்டுக் குறிக்கும் மிக சாஃப்டான கிரேடு ஏறத்தாழ 60 மடங்கு வரை தாங்கும். அதற்குக் கீழே போக அங்கே இடமில்லை.

முன்பெல்லாம் ஒவ்வொரு கிரேடுக்கும் தனித்தனி டப்பா வாங்கி வைக்க வேண்டியிருந்தது. 1940இல் இங்கிலாந்தின் இல்ஃபோர்ட் நிறுவனம் மல்டிகிரேடு தாளைக் கொண்டுவந்தது. அதில் பச்சை ஒளி சாஃப்டாகவும் நீல ஒளி ஹார்டாகவும் வேலை செய்யும்படி ரசக்கலவை அமைந்திருக்கிறது. மஞ்சள் ஃபில்டர் நீலத்தைத் தடுக்கும், பிரிண்ட் சாஃப்டாகும். மெஜந்தா ஃபில்டர் பச்சையைத் தடுக்கும், பிரிண்ட் ஹார்டாகும். ஒரே தாளில், ஒரே படத்தின் வானத்துக்கு ஒரு கிரேடும் தரைக்கு வேறொரு கிரேடும் கொடுக்கலாம்.

தாளோடு கணக்கு முடிவதில்லை. என்லார்ஜரின் விளக்கும் இதில் கை வைக்கிறது. லென்ஸ்களால் ஒளியை நேராக்கி அனுப்பும் கண்டென்சர் என்லார்ஜரில், நெகட்டிவின் வெள்ளித் துகள்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. கெட்டியான இடங்கள் அதிகமாகச் சிதறடிப்பதால், அங்கிருந்து கிளம்பும் ஒளியில் ஒரு பகுதி லென்ஸுக்கு வந்து சேர்வதே இல்லை. கெட்டியான இடம் இன்னும் கெட்டியாக இருப்பதுபோல் தாளில் பதிகிறது. பால்போன்ற வெள்ளைத் தகட்டால் ஒளியைப் பரப்பி அனுப்பும் என்லார்ஜரில் இந்த வேறுபாடு மிகக் குறைவு. 1909இல் ஆந்த்ரே கல்லியே விளக்கியதால் இது கல்லியே விளைவு என்று பெயர் பெற்றது. ஒரே நெகட்டிவ், ஒரே தாள், இரண்டு என்லார்ஜர். கிடைப்பது இரண்டு விதமான பிரிண்ட்.

வெயிலில் தானே கறுக்கும் தாள்

இப்போது பழைய கண்ணாடி நெகட்டிவுக்குத் திரும்புவோம். அந்தக் காலத்துத் தாள் கேட்டது 12 மடங்கை அல்ல. 60 முதல் 100 மடங்கு வரையான வேறுபாட்டை. அடர்த்திக் கணக்கில் 1.8 முதல் 2 வரை. காரணம், அந்தத் தாள் படத்தை உருவாக்கிய விதம்.

இன்றைய புரோமைடு தாளில் ஒளி பட்டவுடன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மறைந்திருக்கும் படத்தை டெவலப்பர்தான் வெளியே கொண்டுவருகிறது. பழைய உப்புத் தாளிலும், 1850இல் பிரான்சின் பிளாங்கார் எவ்ரார் அறிமுகப்படுத்திய அல்புமின் தாளிலும் டெவலப்பர் கிடையாது. உப்புக் கலந்த முட்டை வெள்ளைக்கருவைத் தாளில் பூசிக் காயவைப்பார்கள். பிறகு அதை வெள்ளி நைட்ரேட் கரைசலில் மிதக்கவிடுவார்கள். தாளில் வெள்ளி குளோரைடு உருவாகும். நெகட்டிவையும் தாளையும் ஒரு மரச்சட்டத்தில் ஒட்டினாற்போல் அழுத்தி வெயிலில் வைத்தால், ஒளி பட்ட இடம் தானாகவே கறுத்துக்கொண்டு வரும். சட்டத்தின் பின்பலகை இரண்டாகப் பிரிந்து, கீலில் திறக்கும். ஒரு பாதியை மட்டும் திறந்து, தாளின் நுனியைத் தூக்கிப் பார்த்து, போதாது என்றால் மறுபடி மூடி வெயிலில் வைக்கலாம். மறுபாதி அழுத்திப் பிடித்திருப்பதால் தாள் நகராது.

இங்கேதான் அந்தத் தாளின் அற்புதம் இருக்கிறது. நெகட்டிவின் மெல்லிய இடத்துக்கு அடியில் தாள் முதலில் கறுக்கும். அப்படிக் கறுத்த வெள்ளியே ஒரு திரையாகி, தனக்கு அடியில் மிச்சமிருக்கும் வெள்ளி குளோரைடை ஒளியிலிருந்து மறைத்துவிடும். எனவே நிழல் பகுதி கறுக்கும் வேகம் மெல்ல மெல்லக் குறையும். அதற்குள் நெகட்டிவின் கெட்டியான இடங்களையும் ஊடுருவி ஒளி உள்ளே வந்து, ஆடையின் மடிப்பைப் பதிக்க நேரம் கிடைத்துவிடும். தாள் தன்னைத்தானே காத்துக்கொள்கிறது. அதனால்தான் அவ்வளவு பெரிய வீச்சையும் அது தாங்குகிறது. தாங்குவது மட்டுமல்ல, அது கிடைக்காவிட்டால் பிரிண்ட் சோர்ந்து மங்கிவிடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் உலகம் பயன்படுத்திய முக்கியமான தாள் அல்புமின்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆலை ஒன்று மட்டும் 1888இல் இதற்காக 60 லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் செலவழித்தது. அன்றைய கலைஞர்கள் தங்கள் கண்ணாடி நெகட்டிவ்களை இந்தத் தாளை மனத்தில் வைத்தே கெட்டியாகக் கழுவினார்கள். இன்று அவற்றைப் பார்த்து, டெவலப்பரில் அதிக நேரம் விட்டுவிட்டார்கள் என்று குறை சொல்வது அநியாயம்.

பிளாட்டினம் செய்யும் வேலை

1873இல் இங்கிலாந்தின் வில்லியம் வில்லிஸ் காப்புரிமை பெற்ற பிளாட்டினம் பிரிண்டின் கணக்கு வேறு. அதில் ஒளியை உணர்வது பிளாட்டினம் அன்று, இரும்பு உப்பு. புற ஊதா ஒளி பட்டதும் ஃபெர்ரிக் உப்பு ஃபெர்ரஸாக மாறுகிறது. அந்த ஃபெர்ரஸ் உப்பு, டெவலப்பரில் கரையும்போது பக்கத்திலிருக்கும் பிளாட்டினம் உப்பை உலோகமாக்கித் தாளின் நாரிலேயே படியவைக்கிறது. ஜெலட்டின் இல்லை, பளபளப்பு இல்லை. படம் தாளுக்குள்ளேயே ஊறியிருக்கும்.

பளபளப்பான புரோமைடு தாளின் முழுக் கறுப்பு, தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடத் திருப்பி அனுப்பாது. அதன் வெள்ளைக்கும் கறுப்புக்கும் 100 மடங்குக்கு மேல் வேறுபாடு. பிளாட்டினம் பிரிண்டிலோ அந்த வேறுபாடு ஏறத்தாழ 25 முதல் 30 மடங்குதான். ஆனால் நெகட்டிவிடம் யார் அதிகம் கேட்கிறார்கள் என்று பாருங்கள். புரோமைடு தாள் 12 மடங்கை வாங்கி 100 மடங்காகப் பெருக்கிக் காட்டுகிறது. பிளாட்டினம் 40 முதல் 60 மடங்கை வாங்கி 30 மடங்குக்குள் பொதிந்து வைக்கிறது. முதலாவது தாள் ஒவ்வொரு சிறு வேறுபாட்டையும் உரக்கச் சொல்லும். இரண்டாவது தாள் வேறுபாடுகளை நெருக்கமாக, படிப்படியாக அடுக்கும். பிளாட்டினம் பிரிண்டில் கல்லின் மேல் படும் வெளிச்சம் அவ்வளவு மென்மையாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கே அடிப்படை.

லண்டனில் புத்தகக் கடை நடத்திய ஃபிரெடரிக் எவான்ஸ், இங்கிலாந்தின் தேவாலயங்களை இந்த முறையில்தான் அச்சிட்டார். வெல்ஸ் தேவாலயத்தில், காலடிகள் பட்டுத் தேய்ந்த படிக்கட்டுகளை அவர் 1903இல் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. முதல் உலகப் போரில் பிளாட்டினம் போர்த் தொழிலுக்குத் தேவைப்பட்டு விலை ஏறியது. தாளும் கிடைக்காமல் போயிற்று. எவான்ஸ் படம் எடுப்பதையே கைவிட்டார். தன் நெகட்டிவ்களுக்குப் பொருந்தும் தாள் போன பிறகு, வேறு தாளில் அவற்றை அச்சிட அவருக்கு மனம் ஒப்பவில்லை.

இந்த வரிசையில் இன்னும் பல முறைகள் உண்டு. 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப், இரும்பு உப்பிலிருந்து பிரஷ்ய நீலத்தை உண்டாக்குகிறது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை அந்தத் தாளின் மேல் நேராக வைத்துப் பதிவு செய்து புத்தகமாக வெளியிடத் தொடங்கினார். அங்கே பாசியேதான் நெகட்டிவ். பிசினும் சாயமும் டைகுரோமேட்டும் கலந்து செய்யும் கம் பிரிண்ட், ஒரு தடவையில் மிகக் குறைந்த வீச்சையே பதிக்கும். அதனால் ஒரே தாளில் பூசி, ஒளி காட்டி, கழுவி, காயவைத்து மறுபடி பூசுவார்கள். ஒரு பூச்சு நிழலுக்கு, ஒன்று நடுத்தரச் சாயலுக்கு, ஒன்று வெளிச்சத்துக்கு.

இவை எல்லாமே புற ஊதா ஒளியை நம்பியவை. என்லார்ஜரின் சிறு விளக்கில் அந்த ஒளி போதாது. ஆகவே பிரிண்ட் எவ்வளவு பெரிதோ, நெகட்டிவும் அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்.

கழுவும்போதே தீர்மானிப்பது

தாளுக்கு ஏற்ற நெகட்டிவை எப்படி உண்டாக்குவது? டெவலப்பரில் பிலிமை வைத்திருக்கும் நேரம்தான் முக்கியமான பிடி. நிழல் பகுதியில் ஒளி பட்ட துகள்கள் குறைவு. அங்கே நடக்க வேண்டிய மாற்றம் சீக்கிரமே நடந்து முடிந்துவிடும். வெளிச்சப் பகுதியில் துகள்கள் ஏராளம். நேரம் கூடக் கூட அங்கே கறுப்பு ஏறிக்கொண்டே போகும். எனவே நிழலில் விவரம் வேண்டுமா என்பதைக் கேமராவில் ஒளி கொடுக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். வெளிச்சம் எவ்வளவு கெட்டியாக வேண்டும் என்பதைக் கழுவும்போது தீர்மானிக்கலாம். அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்தபோது வகுத்த ஸோன் முறைக்கு இதுவே ஆதாரம்.

அந்த முறைக்குக் கடும் சோதனையாக வந்தது, நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழும் படம். 1941இல் ஓர் இலையுதிர் கால மாலை. சாயும் வெயில் கல்லறைச் சிலுவைகளின் மேல் இன்னும் சில நொடிகளே தங்கும். ஒளி அளக்கும் மீட்டர் ஆடம்ஸின் கைக்கு அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்ற எண் மட்டும் மனப்பாடமாக இருந்தது. அதை வைத்துக் கணக்கிட்டு ஒரு நெகட்டிவ் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் வெயில் போய்விட்டது.

நிலா தப்பித்தது, இருண்ட தரைக்குக் கிடைத்த ஒளி போதவில்லை. வழக்கம்போல் கழுவினால் தரை வெறுமையாகப் போகும். நேரத்தைக் கூட்டினால் நிலா கட்டிக் கறுப்பாகிவிடும். ஆடம்ஸ் பிலிமை டெவலப்பரிலும் வெறும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி வைத்தார். தண்ணீரில் அசையாமல் கிடக்கும்போது, வெளிச்சப் பகுதியின் ஜெலட்டினில் ஊறிய டெவலப்பர் உடனே தீர்ந்துபோகும். வேலை குறைவான நிழல் பகுதியிலோ அது தீராமல் வேலையைத் தொடரும். அப்படியும் தரை மெலிந்தே நின்றது. 1948இல் அவர் துணிந்து நெகட்டிவின் கீழ்ப்பகுதியை மட்டும் வெள்ளி சேர்க்கும் கரைசலில் நனைத்து அடர்த்தியை ஏற்றினார். ஒரே பிரதியான நெகட்டிவை மறுபடி ரசாயனத்தில் இறக்கத் துணிந்ததற்குக் காரணம், தாள் கேட்பது எவ்வளவு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்ததே. அந்த நெகட்டிவிலிருந்து தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரிண்டுகளை அவர் போட்டார்.

ஒரே நெகட்டிவ் புரோமைடு, பிளாட்டினம் ஆகிய இரண்டு தாள்களுக்கும் பொருந்துமா என்றால், அதற்கும் வழி இருக்கிறது. பைரோகால் என்ற பழைய டெவலப்பர், வெள்ளியை உண்டாக்கும்போதே அதன் அளவுக்கேற்ப மஞ்சள் கலந்த பழுப்புக் கறையையும் படியவிடுகிறது. அந்தக் கறை நம் கண்ணுக்கு மெல்லியதாகத் தெரியும். நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் நன்றாகத் தடுக்கும். எனவே அந்த நெகட்டிவ் என்லார்ஜரின் அடியில் குறைந்த வீச்சோடும், வெயிலில் பிளாட்டினம் தாளின் மேல் அதிக வீச்சோடும் நடந்துகொள்கிறது. இப்போது பலர் கணினியில் படத்தின் வீச்சைத் தாளுக்கேற்பத் திருத்தி, ஒளி ஊடுருவும் தாளில் இன்க்ஜெட் பிரிண்டரால் நெகட்டிவ் அச்சிட்டுக்கொள்கிறார்கள். வசதி கூடியிருக்கிறது, கணக்கு ஹர்ட்டரும் டிரிஃபீல்டும் போட்ட அதே கணக்குதான்.

தஞ்சாவூர், 1858

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் இடம் உண்டு. சென்னை மாகாண அரசின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளைப் படம் எடுத்தார். அவர் பயன்படுத்தியது மெழுகு ஊட்டிய காகித நெகட்டிவ். ஈரம் காய்வதற்குள் எடுத்து முடிக்க வேண்டிய கண்ணாடி நெகட்டிவைப் போலன்றி, இதை முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம். மாட்டுவண்டிப் பயணத்துக்கு ஏற்றது.

அந்தக் காகிதம் நீல ஒளிக்கு மட்டுமே கூர்மையாக வேலை செய்ததால், வானத்தில் மேகம் பதியவில்லை. டிரைப் நெகட்டிவின் மேல் தூரிகையால் சாயம் பூசினார். சாயம் பட்ட இடம் ஒளியை மறைக்கும். பிரிண்டில் அந்த இடம் வெளுத்து மேகமாகத் தெரியும். கண்ணால் அளந்து, கையால் அடர்த்தி ஏற்றிய வேலை அது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை அவர் 21 நெகட்டிவ்களில் எடுத்து, பிரிண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். பக்கத்துப் பக்கத்துப் பிரிண்டுகள் ஒரே சாயலில் அமைந்தால்தான் அது ஒரே சுவராகத் தெரியும். அடர்த்தியை அளக்கும் கருவி பிறப்பதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பு அவர் அதைச் சாதித்தார்.

பழைய பெட்டியைத் திறக்கும் முன்

ஊர்தோறும் இருந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு வருகின்றன. பரணில் கிடக்கும் கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்குப் போகின்றன. சுரண்டிக் கழுவிக் கண்ணாடியாகவும் விற்கப்படுகின்றன. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பதிவு செய்திருக்கிறது. அதன் கைக்கு எட்டாத வீடுகளும் கடைகளும் ஏராளம்.

உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்த ஸ்டுடியோவிலோ அப்படி ஒரு பெட்டி இருந்தால், கறுத்துப்போயிருக்கிறது, இதில் பிரிண்ட் வராது என்று யார் சொன்னாலும் தூக்கி எறியாதீர்கள். கண்ணாடியை ஓரத்தில் மட்டும் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் தாள் உறையில் போட்டு, ஈரமில்லாத இடத்தில் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பழைய பிரிண்ட் ஒன்று கூடவே கிடைத்தால் அதைப் பிரிக்காமல் சேர்த்து வையுங்கள். அந்த நெகட்டிவ் எந்தத் தாளுக்காகக் கழுவப்பட்டது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. தாளைத் தேடிக்கொள்ளலாம். நெகட்டிவ் போனால் போனதுதான்.